உங்களுக்குத் தெரியுமா? நாறும் கந்தகமும் நம் மூக்கும்

டுரியான், பெத்தாய், கேஸ் தோம்பு, மலக்குழி. நான்கிலும் மூக்கைத் துளைப்பது கந்தகம் கலந்த சேர்மங்கள்தான். சமையலுக்கு ருசி, ரப்பருக்கு உறுதி, நோய்க்கு மருந்து, ஆபத்துக்கு முன்னறிவிப்பு என்று அவற்றால் ஆகும் காரியம் ஏராளம். ஆளைக் கொல்லக்கூடியவையும் அவற்றில் உண்டு. ஈப்போவையும் பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டப் புறங்களையும் சுற்றி, தேவைப்பட்ட இடத்தில் வெளியுலகையும் எட்டிப் பார்க்கும் துணுக்குகள் இவை.

● கந்தகம் நாறாது

தூய மஞ்சள் கந்தகத்தை முகர்ந்து பாருங்கள். வாடை ஏறக்குறைய இருக்காது. தீபாவளி வெடி வெடித்ததும் தொண்டையைக் கரிக்கும் நெடி, கந்தகம் எரிவதால் வரும் கந்தக டை ஆக்சைடு. அழுகிய முட்டை நாற்றம், கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆல்கஹாலில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் இருந்தால் அது மெர்காப்டன். 'கந்தக நாற்றம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் முகர்ந்திருப்போம்.

● கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது

அடுப்படியில் இருக்கும் 14 கிலோ தோம்பில் அடைத்திருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டுக்கும் வாசனை இல்லை. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். எவ்வளவு? அமெரிக்காவில் வழக்கமான அளவு, ஆயிரம் லிட்டர் திரவ கேஸுக்கு ஏறக்குறைய 12 கிராம். அந்தக் கணக்கை 14 கிலோ தோம்புக்குப் போட்டால் அரை கிராம்கூட வராது. காற்றில் கேஸ் தீப்பிடிக்கும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே, அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே, மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் விதி.

● ஒரு பள்ளிக்கூடம் கொடுத்த விலை

1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடம். கட்டடத்துக்கு அடியில் இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மின்கருவியின் தீப்பொறியில் கட்டடமே வெடித்துச் சிதறியது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பதை டெக்சஸ் சட்டமாக்கியது. மற்ற இடங்களும் பின்பற்றின. ஜெர்மனியில் இந்த யோசனை 1880களிலேயே முயன்று பார்க்கப்பட்டிருந்தது. சட்டமாவதற்கு அரை நூற்றாண்டும் இத்தனை உயிர்களும் தேவைப்பட்டன.

● ஈப்போ வெயிலில் கொதிக்கும் திரவம்

எத்தில் மெர்காப்டனை 1834இல் முதன்முதலாகத் தயாரித்தவர் டென்மார்க் வேதியியலாளர் வில்லியம் சைசே. நிறமற்ற திரவம், 35 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஈப்போவின் நண்பகல் வெயில் அதற்குக் கிட்டத்தட்டப் போதும். உறையும் குளிரில்கூட அதன் ஆவி தீப்பற்றும். 2000ஆம் ஆண்டு கின்னஸ் புத்தகம் உலகின் மிக நாற்றமான பொருள்களில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டது. நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு கலந்திருந்தாலும் பெரும்பாலானவர்களின் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

● மூக்குக்குள் செம்பு

மனித மூக்கு இவ்வளவு கூர்மையாக இருப்பதற்குக் காரணம் என்ன? மெர்காப்டன்களை அடையாளம் காணும் ஓர் உணர்வி, ஓஆர்2டி11 என்ற பெயரில், 2016இல் வெளியான ஆய்வில் இனம் காணப்பட்டது. அது வேலை செய்ய வேண்டுமானால் செம்பு அயனி அருகில் இருக்க வேண்டும். கந்தகமும் செம்பும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புள்ளவை. செம்புப் பாத்திரம் கறுப்பதற்கும் கேஸ் கசிவு மூக்கில் படுவதற்கும் பின்னால் இருப்பது அந்த ஒரே ஈர்ப்புதான்.

● கசிவைக் காட்டிக் கொடுத்த கழுகுகள்

அழுகும் பிணத்திலிருந்தும் மெர்காப்டன் வெளியேறும். கலிபோர்னியாவில் 1930களில் எரிவாயுக் குழாயைக் கவனித்துவந்த எண்ணெய் நிறுவன ஊழியர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள்: பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே வட்டமிடுகின்றனவோ அங்கே குழாயில் ஓட்டை இருந்தது. பறவையியலாளர் கென்னத் ஸ்டேகர் 1964இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கழுகுகள் மூக்கை நம்பித்தான் இரை தேடுகின்றன என்று நிலைநாட்டியது.

● நாற்றம் காணாமல் போவதும் உண்டு

புத்தம் புதிய இரும்புத் தோம்பின் உட்சுவரிலும், துரு ஏறிய பழைய தோம்பிலும் மெர்காப்டன் வினைபுரிந்து குறைந்துபோகலாம். பூமிக்கடியில் கசிந்தால் மண் அதை உறிஞ்சிவிடலாம். அப்போது கேஸ் இருக்கும், நாற்றம் மட்டும் இருக்காது. சளி பிடித்தவர்களுக்கும், வயதானவர்களில் பலருக்கும், கோவிட்டுக்குப் பின் மோப்பம் இழந்தவர்களுக்கும் இதே நிலைதான். அப்படிப்பட்டவர்கள் தனியாகச் சமைக்கும் வீட்டில் கேஸ் கசிவைக் கண்டறியும் மின்கருவியை வைப்பது நல்லது. கருவியைத் தரைக்குச் சற்று மேலே பொருத்த வேண்டும். தோம்பு கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும்.

● டுரியானால் காலியான நூலகம்

2018 ஏப்ரலில் மெல்போர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக நூலகத்தில் கேஸ் நாற்றம் வீசியது. சுமார் 500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். அகப்பட்டது, ஓர் அலமாரியில் அழுகிக் கிடந்த டுரியான். மறு ஆண்டு கான்பெராவிலும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இதே கதை நடந்தது. அந்த மூக்குகளைக் குறை சொல்ல முடியாது. டுரியான் வாசனையில் எத்தில் மெர்காப்டன் நிஜமாகவே இருக்கிறது. நம் கேஸ் தோம்பில் கலப்பதும் அதே பொருள்தான்.

● முசாங் கிங் மரபணு

2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முசாங் கிங் டுரியானின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தார்கள். ஏறக்குறைய 46,000 மரபணுக்கள். மனிதனுக்கு இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கந்தக ஆவிகளை உண்டாக்கும் எம்ஜிஎல் என்ற மரபணு மட்டும் டுரியானில் பல படிகளாகப் பெருகியிருந்தது. பழம் கனியும்போது அவை சுறுசுறுப்படைகின்றன. 2020இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார்கள்: எத்தியோனின் என்ற அரிய அமினோ அமிலம் டுரியானில் இருக்கிறது, அதிலிருந்துதான் எத்தில் மெர்காப்டன் பிரிகிறது. காட்டில் விதையைப் பரப்பும் விலங்குகளுக்கு 'பழம் தயார்' என்று சொல்லி அனுப்பத்தான் மரத்துக்கு இந்த நாற்றம்.

● டுரியானும் மதுவும்

'டுரியான் சாப்பிட்டால் குடிக்காதே' என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தார் 2009இல் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். மதுவை உடல் செரிக்கும்போது இடையில் உண்டாகும் நச்சை முறிக்கும் நொதியின் வேலையை, டுரியான் சாறு 70 விழுக்காடு வரை குறைத்தது. கந்தகம் மிகுந்த பழச்சாற்றுக்கே விளைவு அதிகம். இது சோதனைக் குழாயில் கண்டது. ஆனாலும் பெரியவர்கள் பேச்சை மீறிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

● ரப்பர் ஆலையில் பிறந்த குடிமறப்பு மருந்து

ரப்பர்த் தோட்டம் என்றால் கள்ளுக்கடையும் சம்சுவும் நினைவுக்கு வராமல் போகாது. அந்தக் குடியை நிறுத்த உதவும் ஒரு மருந்தும் ரப்பர்த் தொழிலிலிருந்தே வந்தது. ரப்பரை விரைவாக உறுதிப்படுத்தச் சேர்க்கும் தையூரம் என்ற கந்தக இரசாயனங்களோடு புழங்கிய அமெரிக்கத் தொழிலாளர்கள், மாலையில் ஒரு மிடறு குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து அவதிப்பட்டார்கள். ஆலை மருத்துவர் வில்லியம்ஸ் 1937இல் இதை எழுதி வைத்தார். குடிக்கு இதுவே மருந்தாகலாமோ என்றும் கேட்டார். பத்தாண்டு கழித்து கோப்பன்ஹேகனில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் அதே குடும்பத்து டைசல்ஃபிராமை ஆராய்ந்து மருந்தாக்கினார்கள். 1951இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இன்றும் பயன்பாட்டில் உள்ளது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டியது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

● கோல கங்சாரின் மூத்த மரம்

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்கு எடுத்துச் சென்ற சுமார் 70,000 விதைகள்தான் நம் பால்மரங்களுக்கு மூலம். அவற்றிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கன்றுகள் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோல கங்சார் தோட்டத்தில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று அந்த ஊர் அரசு அலுவலகத்தின் அருகில் இன்றும் நிற்கிறது. ஆனால் கந்தகம் இல்லாமல் அந்த மரத்துக்கு மதிப்பே வந்திருக்காது. அடுத்த துணுக்கைப் பாருங்கள்.

● ரப்பரைக் காப்பாற்றிய கந்தகம்

வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கர் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கியபோது, அது இளகாமல் தோல்போல் உறுதியானது. ரப்பர் இழைகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைத்துவிடுவதுதான் காரணம். டயருக்கு நூற்றில் இரண்டு மூன்று பங்கு கந்தகம் போதும். 30 பங்குக்கு மேல் போனால் எபனைட் என்ற கல் போன்ற ரப்பர் கிடைக்கும். பழைய மைப்பேனாக்களின் உடல் அதுதான்.

● சன்னலுக்குக் கம்பி போட்ட ஆலைகள்

சூடாக்காமலே ரப்பரை உறுதியாக்கும் முறையை அலெக்சாண்டர் பார்க்ஸ் 1846இல் கண்டார். அதற்குக் கார்பன் டைசல்ஃபைடு என்ற திரவம் வேண்டும். கடையில் கிடைக்கும் சரக்கு கெட்ட நாற்றமடிக்கும். அதன் ஆவியைச் சுவாசித்த ஐரோப்பியத் தொழிலாளர்களுக்குத் தலைவலி, கை கால் மரத்தல், பிறகு புத்தி பேதலிப்பு. பாரிஸ் மருத்துவர் டெல்பேஷ் 1850களில் இந்த நோயை விவரித்தார். வெறியில் தொழிலாளர்கள் குதித்துவிடாதபடி சன்னல்களுக்குக் கம்பி போட்ட ஆலைகளும் இங்கிலாந்தில் இருந்தன. பிற்காலத்தில் செயற்கைப் பட்டு ஆலைகளிலும் அதே திரவம், அதே நோய்.

● கையுறை போட்டால் அரிப்பா?

உலகத்துக்கே ரப்பர்க் கையுறை செய்து அனுப்புவது மலேசியா. கையுறை போட்ட மறுநாள் கையில் தடிப்பும் அரிப்பும் வந்தால், ரப்பர்ப் பால்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். தையூரம், கார்பமேட், மெர்காப்டோபென்சோதையசோல் போன்ற கந்தக இரசாயனங்களே பெரும்பாலும் காரணமாகும். நைட்ரைல் கையுறையிலும் இவை இருக்கலாம். தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்தால் எது ஒவ்வவில்லை என்று தெரிந்துவிடும்.

● எல்லா நாற்றமும் கந்தகமல்ல

மங்கில் உறைந்த கட்டிப்பாலைச் சேர்த்து வைத்த இடம், ஒட்டுப்பால் சாக்கு, லாரியிலிருந்து ரோட்டில் சொட்டிக்கொண்டே போகும் தண்ணீர்: தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாற்றத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதில் கந்தகத்தின் பங்கு குறைவு. பாலில் இருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் பாக்டீரியா சிதைக்கும்போது உண்டாகும் பியூட்ரிக், ஐசோவேலரிக் போன்ற அமிலங்கள்தான் முக்கியக் காரணம். பாலை அன்றே அமிலம் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்துப் புகை போட்டால் நாற்றம் அவ்வளவு வராததற்கும் இதுவே விளக்கம்.

● ஆலைக் குட்டையில் முட்டை நாற்றம்

கையுறைக்குத் தேவையான கெட்டிப் பாலைப் பிரித்தெடுக்க, பச்சைப் பாலை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். மிஞ்சும் நீர்த்த பாலிலும் கொஞ்சம் ரப்பர் இருக்கும். அதைத் திரட்டக் கந்தக அமிலம் சேர்ப்பது வழக்கம். அந்த அமிலத்தின் சல்ஃபேட் கழிவுநீர்க் குட்டைக்குப் போய்ச் சேர்கிறது. காற்றில்லாத அடிச்சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியா, நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகிறது. மலேசியாவில் ரப்பர் ஆலைக் கழிவுக்கு 1978 முதல் தனி விதிமுறைகள் உண்டு.

● ரப்பர் போய் செம்பனை வந்தாலும்

பேராக்கின் பழைய பால்மரக் காடுகள் பல இன்று செம்பனை. ஆலைக் கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு மீத்தேன் எடுத்து மின்சாரம் உண்டாக்குகிறார்கள். அந்த வாயுவில் பத்து லட்சத்தில் ஆயிரம் முதல் மூவாயிரம் பங்கு வரை ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். சுத்தம் செய்யாமல் விட்டால் இயந்திரத்தை அரித்துவிடும். சுத்தம் செய்வதற்கும் பாக்டீரியாதான்: ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தின்று கந்தகமாகவோ அமிலமாகவோ மாற்றும் வேறொரு வகை. ஒன்று உண்டாக்குவதை இன்னொன்று தீர்க்கிறது.

● வெந்நீர் ஊற்றும் வெள்ளிக் கொலுசும்

தம்புன், லுபோக் தீமா, சுங்காய் அருகே சுங்கை கிளா, உலு சிலிம் என்று பேராக்கில் வெந்நீர் ஊற்றுகள் பல. அருகில் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் கருங்கல் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வருகிறது. சில ஊற்றுகளில் லேசான முட்டை வாடை வரும். குளிக்கும் முன் வெள்ளி நகையைக் கழற்றி வையுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கறுத்துப்போனால் தேய்த்துத் தேய்த்து வெள்ளியைக் கரைக்க வேண்டாம். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சோடா மாவும் வெந்நீரும் ஊற்றி நகையை முக்குங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். கல் பதித்ததை மட்டும் முக்காதீர்கள்.

● பச்சை வளையம்

சுங்கை கிளாவில் வருகையாளர்கள் ஊற்றுநீரிலேயே முட்டை அவிப்பதுண்டு. நேரம் போனது தெரியாமல் விட்டுவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் வரும். வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்த இரும்பு சல்ஃபைடு அது. சாப்பிடலாம், கெடுதல் இல்லை. அவித்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் வளையம் வராது.

● பெத்தாய் சரி, ஜெரிங் கவனம்

பெத்தாயின் வாசனைக்குக் காரணம், கந்தக அணுக்கள் வளையமாகக் கோத்த பாலிசல்ஃபைடுகள். சம்பலில் போட்டுச் சாப்பிட்டால் மறுநாள் கழிப்பறையிலும் தெரியும், அதனால் தீங்கில்லை. ஜெரிங் வேறு விஷயம். அதில் உள்ள ஜெங்கோலிக் அமிலத்தை ஜாவாவில் 1933இல் வான் வீன், ஹைமன் இருவரும் கண்டறிந்தார்கள். சிலருக்கு அது சிறுநீரில் ஊசி ஊசியாகப் படிந்து வழியை அடைக்கும்; இடுப்பு வலி, இரத்தச் சிறுநீர், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். ஜெரிங் சாப்பிட்ட பின் இந்த அறிகுறி தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

● ஈயை ஏமாற்றும் பூ

கோப்பெங் அருகே உலு கெரோ மலைக்காட்டில் செமாய் மக்கள் வழிகாட்ட, ரஃப்ளேசியா பூவைப் போய்ப் பார்க்கலாம். அங்கே பூக்கும் ரஃப்ளேசியா கான்ட்லியை என்ற இனத்திலிருந்து டைமெத்தில் டைசல்ஃபைடும், அதைவிட ஒரு கந்தகம் கூடிய டிரைசல்ஃபைடும் வீசுகின்றன. அழுகும் இறைச்சியின் நாற்றமும் அதுவே. முட்டையிட வரும் ஊதா ஈக்கள் ஏமாந்து மகரந்தத்தைச் சுமந்து போகின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், கொல்லையில் சேனைக்கிழங்கு பூக்கும் நாளில் அருகே போய் நின்றால் போதும்.

● மாத்தாங் சேறு

தைப்பிங்கைத் தாண்டி கோலா செப்பேத்தாங் போனால் மாத்தாங் அலையாத்திக் காடு. சுமார் 40,000 ஹெக்டர், நூறாண்டுக்கும் மேலாகத் திட்டமிட்டு வெட்டி நட்டுப் பராமரிக்கப்படுவது. காலை வைத்தால் கறுப்புச் சேறும் முட்டை நாற்றமும். கடல்நீரில் சல்ஃபேட் ஏராளம் என்பதால் இங்கேயும் ரப்பர் ஆலைக் குட்டையில் பார்த்த அதே பாக்டீரியாவின் வேலை. நாறுகிறது என்று இந்தச் சேற்று நிலத்தை வடித்துக் காயவைத்தால் வேறு வம்பு வரும்: சேற்றில் அடங்கிக் கிடந்த இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது, மண் புளித்துப் பயிர் வாடுகிறது.

● கோழித் தீவனத்துக்கு மெர்காப்டன்

மெத்தில் மெர்காப்டன் உலகில் அதிகம் செலவாவது கோழித் தீவனத்தில் சேர்க்கும் மெத்தியோனின் என்ற சத்தைத் தயாரிக்கத்தான். மலேசியாவில் திரெங்கானுவின் கெர்த்தேயில் 2015 முதல் இத்தொழில் நடக்கிறது. முடி சுருட்டும் அழகு நிலையத்து நெடி, முடி நீக்கும் களிம்பின் நெடி இரண்டும் கந்தகச் சேர்மங்களே. முடிக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்பை அவை உடைக்கின்றன.

● மாத்திரை கெட்டுப்போகவில்லை

இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் டப்பாவைத் திறந்தால் இலேசாகக் கந்தக வாடை வரும். அளவுக்கு மீறிப் பாராசிட்டமால் சாப்பிட்டவரின் ஈரலைக் காக்கும் அசெட்டில்சிஸ்டீனும் முட்டை வாடை அடிக்கும். இரண்டும் மெர்காப்டன் இனம். அந்த வாடை அவற்றின் இயல்பு. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: நம் மூளையே துளியளவு ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கிச் செய்தி கடத்தப் பயன்படுத்துகிறது.

● ஊரை விரட்டிய நாற்றம்

1889இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் வேதியியலாளர்கள் தையோஅசிட்டோன் என்ற பொருளைத் தயாரிக்க முயன்றார்கள். நாற்றம் நகரில் பரவி, மக்கள் மயங்கியும் வாந்தியெடுத்தும் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1967இல் இங்கிலாந்தின் அபிங்டனில் உள்ள எண்ணெய் ஆய்வுக்கூடத்தில், இருநூறு கஜம் தள்ளி இருந்த கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும் அதே பொருளால் குமட்டல் கண்டது. அதற்கு இன்றுவரை பெரிய தொழிற்பயன் எதுவும் அமையவில்லை.

● மூக்கு தூங்கிவிடும் வாயு

இதுவரை படித்தவற்றில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைந்த அளவில், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழேயே, நாறும். 100 பங்கு ஆனதும் சில நிமிடங்களில் மோப்பம் மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று தோன்றும். காவலாளிதான் தூங்கிவிட்டான், திருடன் உள்ளேயே இருக்கிறான். 500 தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சரிவார். 700க்கும் ஆயிரத்துக்கும் இடையில் ஓரிரு மூச்சிலேயே மயக்கம். சயனைடைப் போல, உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே அடைத்துவிடுகிறது. காற்றைவிடச் சற்றுக் கனம் என்பதால் குழியின் அடியில் தேங்கும். தேங்கிக் கிடக்கும் கழிவைக் கலக்கும்போது ஒரேயடியாகப் பொங்கி வரும்.

● காப்பாற்றப் போனவர்களே அதிகம்

குழிக்குள் ஒருவர் விழுகிறார். இன்னொருவர் பதறிப் போய் இறங்குகிறார். அவரைத் தேடி மூன்றாமவர். மூடிய இடங்களில் நடந்த சாவுகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்ற இறங்கியவர்களுடையது என்று அமெரிக்கத் தொழில் நலக் கழகம் 1986இல் எச்சரித்தது. மலேசியாவில் மூடிய இடத்தில் வேலை செய்வதற்கு 2010ஆம் ஆண்டின் நடைமுறைக் கோவை உண்டு: வாயுவை அளக்கத் தகுதி பெற்றவர் முதலில் அளக்க வேண்டும், பயிற்சி பெற்றவர் மட்டுமே இறங்க வேண்டும், வெளியே ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். வீட்டு மலக்குழிக்கும் இதே எச்சரிக்கைதான். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள், ஆளை இறக்காதீர்கள்.

● சட்டம் இருந்தும்

இந்தியாவில் பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் தகுந்த பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1993 முதல் இப்படி மாண்டவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தமிழ்நாட்டிலிருந்தும் இத்தகைய சாவுச் செய்திகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. வாயுவின் வேதியியல் தெரியாததால் நடப்பவை அல்ல இவை. சாதியும் கூலியும் யாரை இறக்குவது என்று முடிவு செய்வதால் நடப்பவை.

● வீட்டில் கேஸ் நாறினால்

அடுப்பை அணைத்து ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு சன்னலைத் திறந்து விடுங்கள். விளக்கு, மின்விசிறி எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஸ்விட்சின் சிறு பொறி போதும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தள்ளி நின்று 999க்குப் போன் செய்யுங்கள். கசிவு எங்கே என்று தீக்குச்சி உரசித் தேடுவது தற்கொலை முயற்சி. ரெகுலேட்டரை மாற்றும் போதெல்லாம் குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்துப் பழகுங்கள், முட்டை விட்டால் கசிவு. கொஞ்ச நேரத்தில் நாற்றம் தணிந்ததுபோல் இருந்தாலும் உடனே உள்ளே போகாதீர்கள். ஆபத்து வந்ததை மூக்கு சொன்னால் நம்புங்கள். ஆபத்து போய்விட்டது என்று மூக்கு சொன்னால் நம்பாதீர்கள். அதைக் கருவி வைத்து அளந்தவர் சொல்லட்டும்.